கடைசி வண்டி போகும் வரை

என் சக்களத்தி ஒரு ஜெர்மன்காரன். சிரிக்காதீர்கள். துபாய் போயிருந்தபோது கராமாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் என் கணவர் அவனைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினார். அன்றிலிருந்து ஓமான் நாட்டுச் சலாலாவில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது ஆளாக அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன சமஸ்தானத்தில், நிலபுலன் இல்லாத குடும்பத்தில் பிறந்தவன். பிழைப்புத் தேடி ரஷ்யா போய் ஜார் மன்னரின் படையில் சேர்ந்தான். கத்தி சுழற்றுகிற வேலை இல்லை, ஸ்டாஃப் ஆபீசர். படை எந்த வழியாகப் போகணும், எந்தப் பாலம் தாங்கும், குதிரைக்குத் தீவனம் எங்கே, தளபதி எந்த வீட்டில் தூங்குவார் என்று எல்லாவற்றையும் யோசித்து எழுதுவது அவன். கையெழுத்து வேறொருவர் போடுவார். நெப்போலியன் வந்தபோது படை பின்வாங்கினால் ஜெர்மன்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றார்கள். ஜெயித்தபோது பதக்கம் யாரோ ஒரு பிரபுவுக்குப் போனது.

"ரஷ்ய பாஷை கத்துக்கிட்டான், ரஷ்யப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். அப்பவும் சாகுற வரைக்கும் அவன் ஜெர்மன்காரன்தான்" என்பார், சோற்றைப் பிசைந்தபடி.

"ரசம் ஆறுது. அவனைக் கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்பேன்.

அவன்மேல் இவருக்கு ஏன் அத்தனை பாசம் என்று புரியாத மக்கு இல்லை நான். இவருக்கும் சலாலாவில் ஒரு ராணுவ அலுவலகத்தில்தான் வேலை. சீருடை கிடையாது, போக்குவரத்துப் பிரிவில் சிவிலியன். பெரிய மனிதர்கள் வந்தால் யாருக்கு எந்த வண்டி, எந்த வரிசையில் கிளம்புவது, எங்கே டீ என்று திட்டம் போடுவார். கையெழுத்து போடுவது நேற்று வேலைக்கு வந்த அதிகாரி. கடைசி வண்டி கேட்டைத் தாண்டும்வரை போர்ட்டிகோவில் நின்று அனுப்பிவிட்டுத்தான் இவர் வீட்டுக்கு வருவார். எந்தத் திட்டத்திலும் தனக்கென்று ஒரு வண்டி போட்டதில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் இவருக்கு அறுபது வயதானது. வயது முடிந்தால் வேலை போச்சு, வேலை போனால் விசா போச்சு. இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கக் கேட்டு, தலைமை அதிகாரியான பெரியவருக்கு எழுதிக்கொடுத்திருந்தார். பதிலே இல்லை.

"ஃபேர்வெல்ல பெரியவர் தன் வாயாலயே சொல்வார் பாரு. என்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

அந்த நம்பிக்கையில் காரைக்கூட விற்காமல் இழுத்தடித்தார். நான்தான் சண்டை போட்டு விற்கவைத்தேன்.

அந்த ஃபேர்வெல்லுக்கு வண்டித் திட்டம் போடும் வேலையையும் இவர் தலையிலேயே கட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரோ சந்தோஷமாக உட்கார்ந்து போட்டார்.

பெரியவர் பேசினார். நன்றாகவே பேசினார். வெள்ளியில் ஒரு குத்துவாள் நினைவுப் பரிசு, கைதட்டல். நீட்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு மேடையில் நின்றார். பேச்சு முடிந்து அவர் உட்கார்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சலாலாவுக்கே உரிய மழைக்காலத் தூறல். இவர் எழுதிய வரிசைப்படி வண்டிகள் வந்தன, ஏறினார்கள், போனார்கள். வழக்கம்போல் கையைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி வண்டியும் போய்விட்டது.

"ஏங்க, நம்ம வண்டி?"

என்னைப் பார்த்தார். "போடலையே" என்றார்.

இத்தனை வருடமும் எல்லாரும் போனபின் ஆபீஸ் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பழக்கம். அதன் சாவியை அன்று காலையில்தான் ஒப்படைத்திருந்தார். அலுவலகத்துக்குள் போய் ஒரு வண்டி கேட்கலாம் என்று திரும்பினால், வாசலில் நின்ற பலூச்சிக் காவலாளி தயங்கித் தயங்கி, "பாய், ஆப்கா பாஸ் கலாஸ்" என்றான், இவருடைய பாஸ் முடிந்துவிட்டதாம். தினமும் இவருக்கு சலாம் வைத்தவன். பாவம், அவனுக்கே முகம் வாடிவிட்டது.

இவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

டாக்சி பிடிக்க மெயின் ரோடு வரை நனைந்துகொண்டே நடந்தோம். "உங்க ஜெர்மன்காரன் இப்படித் தெருவுல நின்னிருக்கானா?" என்று கேட்டேன்.

"மொத்தப் படைக்கும் தங்க எடம் பாத்துக் குடுத்துட்டு, அவன் வண்டிக்கு அடியில படுத்திருக்கான்."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

திருச்சிக்குத் திரும்பி அடுத்த கோடையைக்கூட அவர் பார்க்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்குத் தெரியும், அந்த மேடையிலேயே பாதி உயிர் போய்விட்டது.

எடுக்கிற அன்று வாசலில் ஒரே கூச்சல். அவருடைய வண்டி தயாராக நின்றது. பின்னால் கார்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. யார் எதில் ஏறுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பொம்பளைங்க வர்றதில்லம்மா, நீ உள்ள போ" என்றார் அவருடைய அண்ணன்.

போகவில்லை. வாசலில் இறங்கி நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் வண்டி அவருக்கு. அதற்குப் பின்னால் அண்ணனை ஏற்றினேன், அடுத்த காரில் என் தம்பிகள், அதற்கடுத்து அக்கம்பக்கத்தார். ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி அனுப்பினேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கடைசி வண்டி தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.