ஞானசெல்வி தைத்த வளரி உறை

வியாழக்கிழமை காலை ஏழாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் வாசலில் வந்து நின்றார். "ஞானசெல்வி டீச்சர் போயிட்டாங்க டீச்சர். விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சாம்."

மதியத்துக்குள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிச் செய்தி வந்துவிட்டது. 'அமைதியே உருவான கணித ஆசிரியை' என்று எழுதியிருந்தார்கள். அமைதியா? அவரோடு பதினோரு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவள் நான். அவரை அறிந்த உங்களுக்கும் இதைப் படித்து எரிச்சல் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நார்த்தாமலைப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அப்பா மாட்டு வாரும் செருப்பும் தைத்தவர். அவரிடம் கற்ற தோல் வேலையை ஞானசெல்வி விடவில்லை. சனிக்கிழமைகளில் கண்ணாடிக் கூடு, பர்ஸ், பை என்று ஏதாவது தைப்பார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "டீச்சராயிட்டீங்க, இன்னும் எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். "நீங்க சாரான பெறகும் ஒங்கப்பாவோட வயலைப் பாக்குறீங்கள்ல? அதை யாரும் கேக்குறாங்களா?" என்றார் ஞானசெல்வி.

எங்கள் குடும்பத்தில் ஒரு வளரி உண்டு. பிறை போல வளைந்த, எறிந்து தாக்கும் பழைய மர ஆயுதம். நான்கு தலைமுறையாகப் பூசையில் இருப்பது. துணியில் சுற்றி வைத்தே மரத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. என் அண்ணன் பொன்னமராவதியில் புது வீடு கட்டியபோது, அதற்கு ஒரு உறை செய்து தர முடியுமா என்று ஞானசெல்வியிடம் கேட்டேன்.

நான்கு சனிக்கிழமைகள் ஆயின. முதலில் காகிதத்தில் வளரியின் வளைவை வரைந்து வெட்டினார். தோலை நனைத்து, வளரியின் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையின்மேல் இழுத்துப் பொருத்தி, நிழலில் காயவைத்தார். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசிகளைக் கோத்து எதிரெதிராகத் தைத்தார். பாதி வந்த தையலை ஒருநாள் முழுவதுமாகப் பிரித்துவிட்டார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "ஒரு தொளை தள்ளிப் போச்சு. கணக்கு மாதிரிதான் டீச்சர், அதுக்குப் பெறகு வாரதெல்லாம் தப்பு" என்றார்.

புதுமனை புகுவிழாவுக்கு அவரையும் அழைத்திருந்தேன். உறையோடு வளரியைப் பூசை அறைக்கு எடுத்துப் போனபோது சித்தப்பா தடுத்தார். "தோலா? பூசை ரூமுக்குள்ளயா?" உறையைச் செய்தது யாரென்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே, "சென்னையில பெரிய கடையில சொல்லிச் செஞ்சது சித்தப்பா" என்றான். "அப்படியா? பிரமாதமா இருக்கே!" சித்தப்பாவே அதை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். சென்னைக் கடையிலிருந்து வந்தால் தோல் தீட்டில்லை!

ஞானசெல்வி ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. அவரே முன்னால் வந்தார்.

"ஐயா, அந்த மூடியைத் தெறந்து பாருங்க. உள்பக்கம் தையலைப் பிரிச்ச தடம் இருக்கும். நான் தப்பாப் போட்டுப் பிரிச்சது. சென்னையில இல்ல, எங்க வீட்ல."

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார் சித்தப்பா. ஊரைச் சொன்னார். "எந்தத் தெரு?" தெருவையும் சொன்னார். அவ்வளவுதான். அண்ணன் வளரியை உருவித் தட்டில் வைத்தான். உறையைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டான். வளரியின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என் கண் முன்னால் நடந்தது இது.

போய்விடுவார் என்று நினைத்தேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டார். "சாப்பிடாமப் போனா இவங்களுக்கு நிம்மதியாப் போயிரும்" என்றார்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை. "ஒங்க அண்ணன் பொய் சொன்னாரு. நீங்க பேசாம நின்னீங்க. ஒங்க அண்ணன் எனக்கு யாரு டீச்சர்? நீங்கதான எனக்கு வேண்டியவங்க." ஒரு மாதம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அது நியாயம்தான்.

அந்த மாதக் கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உறையைக் கேட்டேன், வளரியையும் கேட்டேன். "பொம்பளப் புள்ள கொண்டு போற பொருளா அது?" என்றான். அப்பா எனக்கும் அப்பாதான் என்று சொல்லி எடுத்து வந்தேன். வளரி இன்று அதே உறையில் என் வீட்டுப் பூசை அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆயுத பூசைக்கு உறவினர் யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை. வர வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர், "எல்லாரையும் அனுசரித்துப் போனவர்" என்றார். நான் எழுந்து, இங்கே எழுதியது அத்தனையும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அவர் அருகில் வந்து, "இதெல்லாம் எழவுல பேசணுமா டீச்சர்?" என்றார். "உயிரோட இருந்தப்ப நாம யாரும் பேசலையே சார்" என்றேன்.

ஞானசெல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஓர் அழைப்பு. எல்லாரையும் போல என்னையும் அவர் பதினோரு வருடத்தில் பெரும்பாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். வளரியை எடுத்து வந்த செய்தி தெரிந்த அன்று, மாலை மணி அடித்ததும் என் மேசைக்கு வந்தார்.

"வாங்க மீனாட்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.