நைனா முகத்தில் நான் வைத்த கத்தி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாங்காய் சீசன் முடிகிற நேரம். ஆந்திராவில் புத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். மரத்தில் ஏறிய என் அப்பா வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எலும்பு முறிந்தால் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் புத்தூர் கட்டைத் தேடி வருவார்கள். எங்களுக்கு அது ஷேர் ஆட்டோ தூரம். மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றி அனுப்பினார்கள். எலும்பு கூடிவிடும் என்று எல்லோருக்கும் தைரியம் இருந்தது. பிரச்சினை தாடியில் வந்தது.

அந்த மாதக் கடைசியில் திருப்பதியில் எனக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். மேடையில் நான் நிற்கும்போது நைனா கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என் ஆசை. அவரோ, "நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க. இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நைனா தினமும் காலையில் தானே சவரம் செய்துகொள்கிறவர். பிளேடு மாற்றுகிற கத்தி இல்லை, மடக்குகிற பழைய சவரக் கத்தி. ஜன்னல் கம்பியில் மாட்டிய தோல் வாரில் அதை இழுத்துத் தீட்டிவிட்டுத்தான் முகத்தில் வைப்பார். இப்போது வலது கை கட்டுக்குள் இருந்தது. கடையில் பிளாஸ்டிக் ரேசர் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் இழுத்துப் பார்த்தார். பாதி முடி போனது, பாதி நின்றது, கன்னமெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது.

"புத்தூர்ல இத்தனை சலூன் இருக்குது, போலாம் வா" என்றேன்.

"வேணாம்."

"காலம் மாறிப்போச்சு நைனா. இப்ப எவன் ஊரு, தெருன்னு கேக்கறான்?"

"அவன் கேக்கமாட்டான். எனக்கு ஞாபகம் வருமே."

அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். அவர் இளவயதில் ஊர்ச் சவரக்கடைக்காரர் எங்கள் தெரு ஆட்களுக்குக் கத்தி வைக்கமாட்டாராம். "அந்தாளு மேல தப்பு இல்ல. வெச்சா ஊரு அவர சும்மா வுடாது" என்றார். முதல்முறை கரும்பு வெட்டிக் கூலி வாங்கியதும் நைனா நகரிக்குப் போய் இந்தக் கத்தியை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் முகத்தை வேறு யாரும் தொட்டதில்லை.

ஜன்னலோரம் இருந்த கத்தியை எடுத்துப் பார்த்தேன். "அப்ப நான் பண்ணட்டுமா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மா உள்ளே இருந்து, "இவ்ளோ படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். ஆனால் நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை.

எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே கேட்டேன். "சோறு எப்படித் துன்றதுன்னு கேட்டா என்னா சொல்லுவ? கை பாட்டுக்குப் போவும்" என்றார். வேறு வழியில்லாமல் செல்போனில் தேடினேன். தெலுங்கில் ஒருவர் அழகாகச் செய்து காட்டினார். நிமிடத்துக்கு ஒருமுறை "மெல்லகா, மெல்லகா", அதாவது மெதுவாக, என்பார். பலூனில் சோப்பு நுரை பூசி, அது வெடிக்காமல் வழித்துப் பழக வேண்டுமாம். முதல் பலூன் வெடித்ததும் அம்மா, "போச்சு, உங்க நைனா கழுத்து" என்றாள்.

தீட்டுவதில்தான் பெரிய தப்பு செய்தேன். சின்ன வயதிலிருந்து அரிவாளைக் கல்லில் தீட்டிய கை எனக்கு. கூர் முன்னால் போகத் தேய்ப்பதுதான் பழக்கம். அதே மாதிரி சவரக் கத்தியையும் தோல் மேல் தள்ளினேன். ஒரே தள்ளலில் தோல் வார் குறுக்கே வெட்டுப்பட்டுத் தொங்கியது. நைனா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கரும்பு வெட்டப் போறியா, இல்ல என்னையா?" என்றார்.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தோலில் கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் இழுபட வேண்டும். வாரின் முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும். அழுத்தவே கூடாது. வெட்டுப்படாமல் மிச்சமிருந்த தோலைக் கம்பியில் கட்டி, சின்னச் சின்ன இழுப்பாகப் பழகினேன். பிறகு என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். ஒருநாள் சத்தமே இல்லாமல் முடி வந்தது. அந்த நாள் முழுக்கக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விழா அன்று விடிந்ததும் நைனா நாற்காலியில் உட்கார்ந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் ஒற்றி, நுரை பூசினேன். இடது கையால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்தேன். கத்தியின் முதுகை லேசாகத் தூக்கி, முடி வளர்ந்த பக்கமாகவே இறக்கினேன். மணிக்கட்டு இறுகினால் கத்தி தடுக்கியது. தளர்த்தினால் அதன் பாரத்திலேயே இறங்கியது. கன்னம் சுலபமாக முடிந்தது.

கழுத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. தோலுக்கடியில் நாடி துடிப்பது தெரிந்தது. அம்மா அடுப்பைவிட்டு எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னா, பஸ்ஸு போயிடப்போவுது" என்றார் நைனா. சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் என் இடது கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சின்னதாகக் கீறியது. படிகாரத்தை வைத்து அழுத்தினேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. முடித்ததும் இடது கையால் முகம் முழுக்கத் தடவிப் பார்த்தார். "பரவால்ல" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது கூட்டத்தில் அவரைத் தேடினேன். கைக்கட்டோடு, பளபளக்கிற முகத்தோடு, பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் என்னவோ சொல்லி என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னை எல்லோரும் சொல்கிறார்கள், நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் யாரிடமும் போய் நிற்காமல் முதலில் நிமிர்ந்த தலை எது என்பது, அதை நான் என் கையில் தாங்கிப் பிடித்த அந்தக் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.