ஒரு பக்கம் வழித்த களம்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி என் முகத்தைப் பார்க்கமாட்டாள். தோளில் கிடக்கும் துண்டைத்தான் பார்ப்பாள். ஒரு முனை மட்டும் நனைந்திருந்தால் ஒரு கோலில் தோற்றிருக்கிறோம். இரண்டு முனைகளும் நனைந்து நூல் பிரிந்து தொங்கினால் அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஹாக்கி ஆட்டம் பார்க்கும்போது துண்டைக் கடிப்பது என் வழக்கம். பதற்றம் வந்தால் வீரனாக எழுந்து நிற்பவர்கள் உண்டு. நான் மேய்கிற சாதி.

"ஆட்டம் பாக்கப் போறீங்களா, துணி திங்கப் போறீங்களா?" என்பாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்பாள். அது மட்டும் விளையாட்டாக இருக்காது. "தம்பிக்கு அடி கிடி படலியே?"

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கஞ்சிக்கோட்டிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையோரம் எங்கள் ஊர். கடலையும் சோளமும் போடுகிற பூமி எனக்கு. கஞ்சிக்கோட்டில் அப்போது வரிசையாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு கம்பெனி ஹாக்கி அணி ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கூட மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்த பையன்களைத் தேடிப் பிடித்து, தற்காலிக வேலை கொடுத்து, காலையில் கொஞ்ச நேரம் மெஷினில் நிற்கவைத்து, மீதி நேரம் மைதானத்துக்கு அனுப்பினார்கள். ஆக, ஆடுவதற்குத்தான் சம்பளம். என் மனைவியின் தம்பி அந்த அணியின் கோல்கீப்பர். ஓட்டம் வராதவன் என்று பள்ளிக்கூடத்தில் கோலுக்குள் நிறுத்தினார்கள், அங்கேயே நின்றுவிட்டான்.

வேலை கிடைத்ததும் கம்பெனி ஒரு நீலச் சட்டை கொடுத்தது. பையில் கம்பெனிப் பெயர் வெள்ளை நூலில் தைத்திருக்கும். அந்தச் சட்டையைத் துவைக்கிற கல்லில் அடிக்கவிடமாட்டான். பித்தான் உடைந்துவிடுமாம். அக்கா கையில் கொடுக்காமல் தானே வாளியில் முக்கி, பிழியாமல் நிழலில் காயப்போடுவான். மாமனார் வீட்டில் பூமி கிடையாது. கூலிக்குப் போய் வளர்த்த பிள்ளைகள். அவனுக்கு அந்தச் சட்டை என்னவென்று என் மனைவிக்குத் தெரிந்த அளவு எனக்கு அப்போது தெரிந்ததா என்று கேட்டால், சொல்வதற்கில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அணி தோற்கும் விதம்தான்.

அப்படி ஒரு தோல்வியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் முன்வரிசைப் பையன் ஒருவன் பந்தை எடுத்தால் விடமாட்டான். நாலு பேரைத் தாண்டுவான், ஐந்தாவதாகத் தானே தடுக்கி விழுவான். இடதுபக்கம் ஆடுகிறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. எதிராளியின் காலில் குச்சி பட்டால் நின்று, "மன்னிச்சுக்குங்ணா" என்பான். அந்த அண்ணன் மன்னித்துவிட்டுப் பந்தோடு போய்விடுவான். ஒருவனுக்கும் இருபத்திரண்டு வயது தாண்டவில்லை. முக்கால்வாசி நேரம் நன்றாக ஆடுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் கோல் விழும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் மைதானத்தோரம் இருந்த பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பனை எவ்வளவு அகலம், நான் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றாது.

கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒவ்வொரு வாரமும் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"ஏனுங்க, நானுந்தான் பத்து வருசமாக் கடை வெச்சுத் தோத்துட்டிருக்கறேன். எனக்கு எவனாச்சும் சம்பளம் குடுத்தானுங்களா?"

"நீங்க கடைசி அஞ்சு நிமிசத்துல தோக்கறதில்லீங்களே. காத்தாலயே தோத்துப்போடறீங்க. அதுக்குக் காசு கெடையாது" என்பேன். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சைக்கிளில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிடும். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன். அடுத்த ஞாயிறு சைக்கிள் தானாகவே கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பும்.

ஒரு ஞாயிறு மனைவியையும் கூட்டிப்போனேன். அது வேண்டாத வேலையாகிவிட்டது. மைதானம் என்பது பெயருக்குத்தான், சரளைக்கல் பூமி. தரையோடு தரையாக வந்த பந்து கோலுக்கு முன்னால் ஒரு கல்லில் பட்டு எகிறி மச்சினனின் புருவத்தைப் பிளந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றான். என் மனைவி பந்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி முடிகிற சமயம் கம்பெனியே ஒரு போட்டி நடத்தியது. வெளியூர் அணிகளை அழைத்திருந்தார்கள். எங்களுக்கு முதல் ஆட்டம் கோயமுத்தூர்ப் பக்கத்து மில் அணி ஒன்றோடு. அதற்கு முந்தின வாரம் தொழிலாளர் நலனைக் கவனிக்கிற ஆபீசர் பையன்களைக் கூட்டிவைத்துப் பேசினார். மலையாளி, பொல்லாதவர் அல்ல. மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் பேசியதை அப்படியே பேசிக்காட்டினான்.

"மேலே கேக்குன்னு, எந்தினா இந்த டீம்னு. முதல் ஆட்டம் ஜெயிச்சால் ஜோலி ஸ்திரம். இல்லெங்கில் டீம் இல்லா. டீம் இல்லெங்கில் ஜோலியும் இல்லா."

ஜெயித்தால் வேலை நிரந்தரம், தோற்றால் அணியோடு வேலையும் போகும். சொல்லிவிட்டு, சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். பிறகு, "மச்சான், ஆட்டத்தன்னிக்கு நீங்க பனைமரத்துக்குப் பொறகால போகாதீங்க. கோல்ல இருந்து பாத்தா உங்க வயிறு மட்டும் தெரியுது. எனக்குச் சிரிப்பு வந்துருது" என்றான்.

"சரி மாப்ள, வயித்த ஊட்டுல வெச்சுட்டு வர்றேன்" என்றேன். அவன் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவன் போனபின் கேட்டாள்: "ஏனுங்க, ஆட்டம் ஆரம்பிக்கறப்ப தம்பி எக்கட்ட நிப்பான்?"

"பனமரத்துக் கட்டதான். எப்பவும் அங்கதான் மொதல்ல நிப்பானுங்க. நம்மூட்டு மைதானமாச்சே, நாம கேட்ட பக்கம் குடுப்பாங்க" என்றேன். பெரிய விஷயம் தெரிந்தவன்போலச் சொன்னேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

ஆட்டத்தன்று விடிந்தபோது வாசலில் வண்டி பூட்டியிருந்தது. வண்டி நிறைய மாட்டுச்சாணி. கூட அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், குடங்கள், தென்னம் ஈர்க்கு விளக்குமாறு. எங்கள் பக்கத்தில் கடலையைக் காயப்போடும் முன் களத்தைச் செதுக்கி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டை போட்டு இடித்து, சாணி கரைத்து வழிப்போம். மெழுகுவதை வழிப்பது என்றுதான் சொல்வோம். அப்படி வழித்த களத்தில் ஒரு கடலை மண்ணோடு போகாது. அந்தக் களத்தைத்தான் அவள் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பியிருந்தாள்.

"அங்க யாரு உடுவாங்க?" என்றேன்.

"வாச்சுமேன் எங்கூர்க்காரரு. கேட்டாச்சு. நீங்க வண்டியோட்டுங்க."

பனைமரத்துப் பக்கத்துக் கோலுக்கு முன்னால், ஒரு சிறு களத்தின் அளவுக்கு, அந்த நாலு பெண்களும் குனிந்தபடி வழித்தார்கள். நான் தண்ணீர் சுமந்தேன், திமிசையும் போட்டேன். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதத்தில் எப்படி அடிக்குமென்று எங்கள் பக்கத்தாருக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் தரை இறுகிப் பளபளவென்று கிடந்தது. கம்பெனி ஆள் வந்து அதன்மேல் சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டுப் போனான். ஆபீசர் வந்தார், மூக்கை உறிஞ்சினார்.

"எந்தா இது, கல்யாணப் பந்தலோ?"

"ஆமாங்க சார். மாப்பிள்ளைதான் பத்தொம்பது கோல் வாங்கியிருக்கறானுங்க" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. பயம் வந்தால் இன்னும் இருக்காது.

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. மச்சினன் வழித்த தரையில் நின்றான். முதல் பந்து வந்தது. நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. அவன் காலால் ஒதுக்கிவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் பார்த்தான். அடுத்தடுத்து வந்தார்கள் மில் அணிக்காரர்கள். எல்லாம் பெரிய ஆட்கள், ஆடிப் பழகியவர்கள். மூலையிலிருந்து தள்ளி, நிறுத்தி, ஓங்கி அடித்தார்கள். எல்லாம் அவன் காலில் பட்டுத் திரும்பியது. அவன் இத்தனை நாளும் நல்ல கோல்கீப்பராகத்தான் இருந்திருக்கிறான் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முதன்முறையாக ஒரு பாதி ஆட்டத்தைத் துண்டைக் கடிக்காமல் பார்த்தேன். துண்டு தோளில் காய்ந்துகிடந்தது. என் மனைவி அவனைப் பார்க்கவில்லை. பந்து உருண்ட தடத்தைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள், சோறு பதமாக வந்ததைப் பார்ப்பதுபோல.

விசில் ஊதியது. பாதி ஆட்டம். யாரும் கோல் போடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பையன்கள் எழுந்தார்கள். மச்சினன் பந்தடி தாங்கக் கட்டியிருந்த கால்கட்டைகளோடு அசைந்து அசைந்து மைதானத்தின் எதிர்முனைக்கு நடந்தான்.

"ஏனுங்க, அவன் என்னத்துக்கு அக்கட்ட போறான்?"



"பாதிக்கு மேல பக்கம் மாத்திக்குவாங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். வாராவாரம் ராத்திரிச் சோற்றோடு இந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். யார் எங்கே தடுக்கி விழுந்தான், நடுவர் எந்தப் பக்கம் குருடு, எல்லாம். இதை மட்டும் சொன்னதில்லை. இது சொல்லவேண்டிய விஷயமென்றே எனக்குத் தோன்றியதில்லை. வழிக்கும்போதாவது தோன்றியிருக்கவேண்டும். திமிசு போட்ட பெருமையில் இருந்தேன்.

"இதெல்லாஞ் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

பிறகு நான் செய்ததைக் கஞ்சிக்கோட்டில் நாலைந்து வருடம் சொல்லிச் சிரித்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்முனைக் கோலுக்கு ஓடினேன். மண்டிபோட்டுக் கல் பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கிய கல்லைத் துண்டில் போட்டேன். பின்னாலேயே என் மனைவியும் அந்த மூன்று பெண்களும் வந்து குனிந்தார்கள். டீக்கடைக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங்க, மொத்தமா எத்தன வண்டி வரும்?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. நடுவர் விசிலை ஊதிக்கொண்டே வந்து எங்களை விரட்டினார். சரளைப் பூமியில் கல் பொறுக்கித் தீராது. எடுக்க எடுக்க அடியிலிருந்து கல் வந்தது. மச்சினன்தான் என் தோளைத் தொட்டு, "போதும் மச்சான். எந்திரிங்க" என்றான்.

கடைசி ஐந்து நிமிடம் வந்தபோது நான் பனைமரத்துக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பந்து தரையோடு தரையாக வந்தது. மெதுவாகத்தான் வந்தது. அவன் சரியான இடத்தில்தான் காலை வைத்தான். பந்து கல்லில் பட்டு, அவன் தோளுக்கு மேல், எந்த அவசரமும் இல்லாமல் ஏறிப்போய் வலையில் விழுந்தது.

அதன்பிறகு எங்கள் பையன்கள் ஆடிய ஆட்டம் வேறு. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பந்தை விடாதவன் அடுத்தவனுக்குத் தள்ளிக்கொடுத்தான். கடைசியில் ஒரு நல்ல அடி கோலை நோக்கிப் போனது. அது போனது வழித்த தரைமேல். நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. மில் அணிக் கோல்கீப்பர் நிதானமாகக் காலால் ஒதுக்கினார்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் வெளியே வரும்போது எங்களிடம் நின்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்: "களம் அருமைங்கம்மா. இப்படியொரு தரையில நான் நின்னதே இல்லீங்க." என் மனைவி தலையசைத்தாள். அவர் போனபிறகு தம்பியிடம், "சாமி, அக்கட்டயும்..." என்று ஆரம்பித்தாள்.

"உடுக்கா" என்றான்.

ஆபீசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கால்கட்டைகளைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. குச்சியும் சட்டையும் அவனிடம் இருந்தன. பையன்களில் சிலர் கோயமுத்தூர் போனார்கள். ஒருவன் பீர்மேட்டில் ஏதோ எஸ்டேட்டுக்குப் போனான். மச்சினன் எங்கள் கடலைக்காட்டு வேலைக்கு வந்தான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவான். பையிலிருந்த நூலெழுத்துகளைப் பிரித்து எடுத்திருந்தான். பிரித்த இடத்தில் நீலம் வெளுக்காமல் அந்தப் பெயர் அப்படியே தெரிந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தேன். துண்டுகள் முனை கெடாமல் பழசாயின. வீட்டில் மூன்று பேரும் எல்லாவற்றையும் பேசினோம், அதைத் தவிர.

சித்திரையில் கடலை பிடுங்கினோம். களத்தைச் செதுக்கி என் மனைவி வழித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் தண்ணீர்க் குடத்தோடு வந்து, இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் களத்தைப் பார்த்தான்.

"ஏக்கா, இக்கட்ட மட்டுந்தானா? பாதிக்கு மேல கடல பக்கம் மாறிக்கிச்சுன்னா?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்த மார்கழிக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல்முறை. 

என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியை இழுத்துக்கொண்டு களத்தின் அந்த ஓரத்துக்குப் போனாள். களம் முடிகிற இடத்தில் நிற்கவில்லை. கடலை ஒருநாளும் போய் விழாத வரப்போரம் வரைக்கும் வழித்துக்கொண்டே போனாள்.