அண்ணன் கொண்டு போகாத சீர்

போன வாரம், கௌரி ஹப்பா என்கிற கௌரி பண்டிகை அன்று காலை பதினொன்றரை மணி. எங்கள் வீட்டு ஹால் சுவரில் இருந்த மூன்று வெறும் ஆணிகளைப் பார்த்தபடி கிருபா என்னைக் கேட்டார்:

"அண்ணா, நான் செத்துப்போயிட்டேனா?"

ஆள் நன்றாகத்தான் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டர் ஓட்டி வந்த வியர்வை. கையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டை என் தலையில் போடாமல் விட்டதே பெரிய விஷயம்.

கிருபா என் கூடப் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பிசியோதெரபிஸ்ட். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கழுத்து வலியைத் தெரியும் – அந்தக் கழுத்தைப் பிடித்து நிமிர்த்துகிறவர் இவர்தான். இதை எழுத அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா உன்னை நல்லவனா காட்டிக்கிட்டு எழுதாதே" என்றார்.

கவலையே வேண்டாம். அதற்கு வழியே இல்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதுதான் கிருபா எங்களிடம் சொன்னார்.

"அண்ணா, அண்ணி... ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். நான் பொண்ணு இல்ல. அதுக்காக ஆணும் இல்ல. இந்த ரெண்டுல எதுலயும் நான் என்னைப் பார்க்கல. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். இதுக்கு நான்பைனரின்னு சொல்றாங்க."

ஏதாவது சொல்லியாக வேண்டும்... சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?"

என் மனைவி சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து கிருபா பக்கத்தில் போட்டுக்கொண்டு, "சின்ன வயசுலேர்ந்தா? இத்தனை வருஷமா தனியாவா சுமந்துட்டிருந்த? போ கிருபா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். கிருபா அழுதார். சுமதியும் அழுதாள். நான் சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

சுமதிக்கு விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

நான் மைசூர் ஹெப்பாளில் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில், குவாலிட்டி செக்‌ஷனில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். எதையாவது புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்தேன். கட்டுரை படித்தேன். நடுவில் கோடு கிழித்து, சொல்லலாம் – சொல்லக்கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதினேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், புரொமோஷன் பரீட்சையா?" என்று கேட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, படித்ததில் கொஞ்சம் புரிந்தது. பிறந்த உடனே டாக்டர் உடம்பைப் பார்த்து ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் அடித்துவிடுகிறார். வளர்ந்த பிறகு உள்ளே இருக்கிற ஆளுக்கு அந்தக் கட்டம் பொருந்தாமல் போகலாம். சிலருக்கு அடுத்த கட்டம் பொருந்தும். சிலருக்கு இரண்டுமே பொருந்தாது. இது வியாதி இல்லை, ஃபேஷன் இல்லை, கல்யாணம் ஆகாத கோபமும் இல்லை (கடைசியாகச் சொன்னது எங்கள் பெரியம்மாவின் ஆராய்ச்சி முடிவு).

தங்கை என்று சொல்வதை நிறுத்தினேன். கிருபா வந்தார், கிருபா போனார் என்று பேசப் பழகினேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

நிறுத்துகிற ஆளா நான்?

எங்கள் ஃபேக்டரியில் ஒரு விதி உண்டு. ஒரு பாகத்துக்குப் புது டிராயிங் வந்துவிட்டால், பழைய டிராயிங்கின் காப்பி ஒன்றுகூட வேலை நடக்கும் ஷாப் ஃப்ளோரில் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் வாபஸ் வாங்கி, சிவப்பு முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பழையதைப் பார்த்துத் தப்பாகச் செய்துவிடுவார்கள். இந்த விதியைக் காப்பாற்றுவதில் எனக்கு ஃபேக்டரியில் நல்ல பேர்.

அதை வீட்டிலும் காப்பாற்றினேன்.

ஹாலில் மூன்று போட்டோக்கள் இருந்தன. தசராவுக்குப் பட்டுப்பாவாடையும் பூ ஜடையுமாகக் கிருபா. ஸ்கூல் பேச்சுப் போட்டியில் கப் வாங்கும் கிருபா. என் கல்யாணத்தில், என் பக்கத்தில் தாவணியோடு முறைத்துக்கொண்டு நிற்கும் கிருபா. பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மூன்றையும் கழற்றி, துடைத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். சுமதி, "எதுக்குங்க?" என்று கேட்டாள். "பழைய ரெக்கார்டு. கண்ணுல பட்டா கிருபாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றேன். "கிருபாவைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்காமலே செய்வதுதான் மரியாதை என்று அவளுக்கே பாடம் எடுத்தேன்.

அப்புறம் வந்தது கௌரி ஹப்பா.

வேறு ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குச் சீர் போகும் இல்லையா? இங்கே மைசூர்ப் பக்கம் அது பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், கௌரி பண்டிகைக்குப் போகும். ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்களான நாங்களும் எந்தக் காலத்திலோ இதைப் பிடித்துக்கொண்டுவிட்டோம். தேங்காய், பழம், பூ, துணி எல்லாம் ஒரு முறத்தில் வைத்துக்கொண்டு அண்ணனோ தம்பியோ நேரில் போய் நிற்க வேண்டும். கூரியரில் அனுப்பினால் செல்லாது. எங்கள் வீட்டில் கிருபாவுக்கு அப்பா கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகு பதினோரு வருடமாக நான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு போனேன். முதலில் புடவை. அதை அடுத்த வாரமே கிருபா சுமதியிடம் தள்ளிவிடுவார் என்பதால், கலரைச் சுமதியே எனக்குச் சொல்லி அனுப்புவாள். அப்புறம் புடவை போய் குர்தா துணி ஆனது.

இந்த வருடம் நான் போகவில்லை.

கௌரி சீர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது. கிருபா பெண் இல்லை. கொண்டு போய்க் கொடுத்தால், 'நீ என்ன சொன்னாலும் எனக்கு நீ பொண்ணுதான்' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகாதா? ஆகவே சீரும் வாபஸ். என் பக்குவத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

பண்டிகையன்று காலை எட்டரைக்கு கௌதள்ளியிலிருந்து என் மச்சான் பழனிசாமி வந்து இறங்கினான். சுமதியின் தம்பி. தலையில் ஒரு தார் வாழைப்பழம், தோளில் ராகி மாவு மூட்டை, கையில் அக்காவுக்குப் புடவை. தண்ணீர் குடித்து முடித்ததும், "ஏனுங் மாமா, நீங்க சீர் கொண்டுட்டுப் போய் வந்தாச்சுங்களா?" என்று கேட்டான்.

ஆள் கிடைத்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து இருபது நிமிடம் விளக்கினேன். பழனிசாமி ஒரு இட்லியைக்கூட விடாமல் முழுவதையும் கேட்டான்.

"புரிஞ்சுதுங் மாமா. அவுங்க அவுங்க மனசு. ஆனா பண்டிகை அன்னிக்குப் பொறந்த ஊட்டுலேர்ந்து ஒருத்தரும் போகலீன்னா, அங்க அக்கம்பக்கத்துல என்னங் நெனைப்பாங்க?"

"அதெல்லாம் பழைய சிந்தனை மச்சான்" என்றேன். இதைச் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போதும் குத்துகிறது.

பதினொன்றரைக்கு ஸ்கூட்டர் சத்தம். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"சொல்லு அண்ணா. செத்தவங்க போட்டோவைக்கூட மாலை போட்டு மாட்டி வெப்பாங்க. என்னை எதுக்குக் கழட்டின?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு... மரியாதைக்கு..."

"லீவு போட்டு, ஒப்பட்டு, பாயசம் எல்லாம் பண்ணி வெச்சிட்டு காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். போன் பண்ணா எடுக்கல. உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்து ஓடி வரேன். நீ இங்க இட்லி சாப்பிட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்கே! சீர் எங்க?"

போன் பெட்ரூமில், சைலன்ட்டில் கிடந்தது. நான் விளக்க ஆரம்பித்தேன். பெண், சீர், வாபஸ், புது டிராயிங்... கிருபா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பொண்ணு இல்லன்னுதானே சொன்னேன்? இந்த வீட்டுல பொறக்கலன்னு எப்போ சொன்னேன்?"

பழனிசாமி ராகி மூட்டையின் கயிற்றைத் தேவையே இல்லாமல் மறுபடி இறுக்கிக் கட்டினான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வருடம் கஷ்டப்பட்டுப் படித்து, கடைசியில் கூடப் பிறந்த ஒரே உயிரை வீட்டை விட்டே வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதுவும் சிரித்துக்கொண்டே!

சுமதி வாழைத்தாரைக் காட்டி, "இதுல பாதி எடுத்துட்டுப் போ கிருபா" என்றாள். கிருபா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நானா வந்து வாங்கிட்டுப் போனா அது பார்சல் அண்ணி. அவன் வரட்டும். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

வண்டி தெரு திரும்புவதற்குள் நான் சட்டையை மாட்டியிருந்தேன்.

பண்டிகை நாளில் மார்க்கெட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்களா? நான் நுழையவில்லை. கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது. சீர் முறம் விற்கிற அம்மாவிடம் ஒன்று கேட்டேன். செட்டாகத்தான் கொடுப்பாராம் – மஞ்சள், குங்குமம், வளையல், கண்ணாடி, சீப்பு, ரவிக்கைத் துணி. "அக்காவுக்கா, தங்கைக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பின்னால் பத்துப் பேர். அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்து, "சுவாமி, எனக்கு உங்க வீட்டுக் கதை எதுக்கு? வளையல் சைஸ் சொல்லுங்க" என்றார்.

வேறு வழி இல்லாமல், ஒரு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தேன். கிருபாவுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"என்ன?" குரலில் இன்னும் சூடு.

"முறத்துல... வளையல் வைக்கட்டுமா, வேண்டாமா?"

"வளையல் பேடா, வேண்டாம். ரவிக்கைத் துணி பேடா. கண்ணாடி, சீப்பு வை, என்கிட்ட இருக்கறது உடைஞ்சுபோச்சு. மல்லிப்பூ ரெண்டு முழம்."

"பூவா? நீதான்..."

"எனக்கு மல்லின்னா உசுரு. அதையும் லிஸ்ட்ல அடிச்சுட்டியா?"

அடித்துத்தான் இருந்தேன். ஆண், பெண் என்று இரண்டு பெட்டி போதாது என்று படித்துத் தெரிந்துகொண்டவன், மூன்றாவதாக ஒரு பெட்டியை நானே தட்டிச் செய்து அதில் கிருபாவைப் போட்டு மூடியிருக்கிறேன். அதில் பூ கிடையாது, பாவாடை போட்ட போட்டோ கிடையாது, அண்ணன்கூடக் கிடையாது! நான்பைனரி என்றால் என்ன என்று உலகத்தையே கேட்டேன். கிருபாவுக்கு என்ன வேண்டும் என்று கிருபாவைக் கேட்கத் தோன்றவில்லை. எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறதோ... படிக்காதவர் ஒரு விதமாகப் படுத்துவார், படித்தவர் நோட்டு எடுத்துக்கொண்டு படுத்துவார்.

வளையலையும் துணியையும் எடுத்து அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். செட்டைக் கலைக்கிறேன் என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. நெடுஞ்சாலையில் பஸ் நகரவே இல்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரின் முழங்கையைத் தடுத்துக் காப்பாற்றினேன். கிருபாவின் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் உறவுக்காரர்களின் செருப்பு. கிருபா வீட்டு வாசலில் கோலம் மட்டும்.

பக்கத்து வீட்டு அம்மா என்னையும் முறத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் அண்ணனா? காலையிலேர்ந்து ஏழெட்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாச்சு. கேட்டா, 'எங்கண்ணா பர்த்தாரெ, பர்த்தாரெ'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றார். வருவார், வருவார் என்று!

கிருபா கதவைத் திறந்தார். முறத்தை இரண்டு கையாலும் வாங்கி சாமி முன்னால் வைத்தார். பூவில் ஒரு துண்டைக் கிள்ளி, கிராப் தலையில் கிளிப் குத்திச் செருகிக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு வருடமும் செய்கிற மாதிரியே என் காலில் விழுந்தார்.

நான் திகைத்துப்போனேன். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் எனக்கு ஒரே வசனம்தான்: "அடுத்த கௌரிக்கு மாப்பிள்ளையோட நில்லும்மா." பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது கை மட்டும் கிருபாவின் தலைமேல் நிற்கிறது, வாயில் வார்த்தை வரவில்லை.

"ஏதாவது சொல்லு அண்ணா. இப்படியே இருந்தா எனக்கே பிசியோ தேவைப்படும்."

"நல்லா இரு" என்றேன். "நீ நல்லா இரு கிருபா."

கிருபா எழுந்தார். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா யாருக்கோ ஆசீர்வாதம் பண்ணிட்டிருந்தே. இன்னிக்குத்தான் எனக்குப் பண்ணியிருக்கே."