இன்னாசித்தம்பியும் மற்றவர்களும்

தியாகராசாவின் மகள் தயாளினியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் அள்ளிக் கடைசியில் ஊரின் பெயரையே கெடுத்தவள் என்பார்கள். சொல்கிற வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்கவேண்டும். அவள் பட்டது இவர்களுக்கு என்ன தெரியும்?

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் போடுகிற குடும்பம். தயாளினி இரசாயனவியலில் பட்டம் எடுத்து, படித்த இடத்திலேயே தற்காலிக உதவி விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டிருந்தாள். வருடாவருடம் நீட்டுவார்கள்; நீட்டாவிட்டால் வீடுதான். நிரந்தரமாவதற்கு அவளுக்கு ஒரு வழி இருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் தன் பெயர் முதற் பெயராக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வரவேண்டும். கிணற்று நீரை ஆராயச் சொன்னவர் பேராசிரியர் இன்னாசித்தம்பி. முதற் பெயர் அவளுடையதுதான் என்று வாய் நிறையச் சொன்னவரும் அவர்தான்.

றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ்கட்டியை நிரப்பி, ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு அவள் வெயில் மழை பாராமல் அலைந்தாள். எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் சும்மா ஒரு குழியல்ல. சகோதரர்களுக்குள் ஆளுக்கொரு பங்கு, இறைப்புக்கு ஆளுக்கொரு முறை. மகளுக்குக் காணி எழுதும்போது சீதன உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். முன்பின் தெரியாதவர் வந்து வாளியைத் தொட விடுவார்களா? தியாகராசாவின் பிள்ளை என்றபடியால் விட்டார்கள், தேத்தண்ணியும் கொடுத்து விட்டார்கள்.

போத்தல்களில் ஊர் வாயில் இருந்த பெயரையே அவள் எழுதி ஒட்டினாள்: சீவரத்தினத்தார் கிணறு, ஆழ்வாப்பிள்ளையார் கிணறு என்று. இலக்கம் போட்டிருக்கவேண்டும். அங்கேதான் பிழை விட்டாள். ஆனால் ஊரில் பிறந்தவளுக்குக் கிணறு என்றால் அது ஓர் ஆளின் பெயர்தானே.

சஞ்சிகைக்காரரின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைத்தான் எழுதினாள். உலகத்தில் எவர் அந்தக் கட்டுரையை எடுத்துச் சொன்னாலும் தியாகராசா என்றுதான் தொடங்கவேண்டி வரும் என்று அவள் விளக்கியபோது, மனிசன் அன்று தோட்டத்துக்கே போகவில்லை. கோயில் வீதியில் நின்று கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் சொல்லி முடித்தார்.

கட்டுரையில் இருந்த முடிவுகள்தான் நல்லதாக இல்லை. தோட்டத்துக்குப் போட்ட உரம் நைத்திரேற்றாக நிலத்துக்குள் இறங்கியிருந்தது. ஆகக் கூடியது சீவரத்தினத்தாரின் கிணற்றில். அவர் தியாகராசாவின் தமையன். அந்தக் கிணற்றில் தியாகராசாவுக்கும் பங்கு உண்டு. பச்சைக் குழந்தைகளுக்கு இதைப் பருக்கக்கூடாது என்று தயாளினி நேரே போய்ச் சொன்னாள். இந்தத் தண்ணியைக் குடித்துத்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம் என்று பெரியப்பா சிரித்து அனுப்பிவிட்டார்.

கட்டுரை வெளிவந்தது. முதலில் இன்னாசித்தம்பி. இரண்டாவது, இயந்திரம் தந்து உதவிய ஒரு வெள்ளைக்காரர். மூன்றாவதாகத் தயாளினி. கேட்கப் போனவளுக்குப் பேராசிரியர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னார். பெரிய பெயர் முன்னால் நின்றால்தான் சஞ்சிகைக்காரர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

"உம்மடை பேரும் இருக்குத்தானே. பிறகென்ன?"

இருந்ததுதான். ஆனால் ஆங்கில ஆராய்ச்சி எழுத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதியவர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால், பிறகு எடுத்தாளுகிறவர்கள் முதற் பெயரை மட்டும் போட்டுவிட்டு, மிச்சப் பேருக்கெல்லாம் சேர்த்து 'எற் அல்.' என்று எழுதிவிடுவார்கள். இலத்தீன் சொல். மற்றவர்களும் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவர்களைப் புதைக்கச் செத்த மொழியில் இரண்டு சொல் போதும், பாருங்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறாவது கொஞ்சம் வேண்டியிருக்கும்.

புள்ளி 'அல்'லுக்குப் பின்னால்தான் வரும், 'எற்'றுக்குப் பின்னால் வராது என்று மாணவர்களுக்குச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தவளே அவள்தான். தன் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதை எழுதியிருந்தாள். அந்தச் சொல்லுக்குள்ளே யார் யார் கிடக்கிறார்கள் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தன்மேல் ஆத்திரமும் வந்தது.

நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்தில் கிணற்று ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், ஓ, அது இன்னாசித்தம்பி எற் அல். கட்டுரையல்லவா, உங்களுடைய சொந்த ஆராய்ச்சி என்ன என்று கேட்டார். வெயிலில் அலைந்தது, போத்தல் கழுவியது, இரவு பகலாக அளந்தது எல்லாவற்றையும் அவள் எப்படிச் சொல்வாள்? வேலை வேறொருவருக்குப் போனது. தற்காலிகத்தையும் அந்த வருடம் நீட்டவில்லை.

அத்தோடு விட்டதா? உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்தது. கிணறுகளின் பெயரைப் பேராசிரியர் மாற்றாமல் அப்படியே அட்டவணையில் விட்டிருந்தார். பத்திரிகையும் அப்படியே போட்டது, சீவரத்தினத்தார் கிணறு தலைப்பில். ஆராய்ந்தவர்கள், பேராசிரியர் இன்னாசித்தம்பி குழுவினர் என்று இருந்தது. கிணற்றுக்காரர் அத்தனை பேருக்கும் பெயர் இருந்தது. அள்ளியவளுக்குத்தான் இல்லை.

சீவரத்தினத்தாரின் மகள் நிவேதனாவுக்கு மானிப்பாயில் பேசி முற்றாகியிருந்த சம்பந்தம். சீதனம் அந்தக் கிணற்றுப் பங்கோடு சேர்ந்த காணி. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையை வாசித்தார்கள். பிள்ளை குட்டி பிறக்கிற வீட்டுக்கு இந்தத் தண்ணி சரிவராது என்று சொல்லி விலகிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் காலை சீவரத்தினத்தார் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தியாகராசா தமையனைக் கண்டதும் எழுந்து நின்றார். தயாளினி பத்திரிகையையும் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"பெரியப்பா, இஞ்சை பாருங்கோ. பேப்பரிலை என்ரை பேர் எங்கையும் இல்லை. கட்டுரையையும் பேராசிரியர்தான் எழுதினவர் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். இது என்ரை இல்லை."

சீவரத்தினத்தார் தாளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"ஆர்ரை பேரைப் போட்டால் எனக்கென்ன பிள்ளை? வெயிலுக்கை நிண்டு அள்ளினது நீ. அளந்தது நீ. ஆருக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும், இது முழுக்க உன்ரை வேலை."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இந்த ஒரு வார்த்தையை யாராவது ஒருவர் சொல்லமாட்டாரா என்று பேராசிரியரின் வாசலிலும் நேர்முக மேசையிலும் ஏங்கி நின்றவள், படலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.