மோட்டார் வழக்கு

லண்டனில் இருக்கும் பெரியப்பாவுக்கும் இங்கே ஆஸ்டின் டவுனில் இருக்கும் அப்பாவுக்கும் இப்போதெல்லாம் வாரம் தவறாமல் போனில் சண்டை. அந்த ஊர் நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிவிட்டனவாம். அதனால் சில வழக்குகளுக்கு ஜூரி வேண்டாம், நீதிபதி ஒருவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அரசாங்கம் கிளம்பியிருக்கிறதாம். பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்வது ஜனங்களின் உரிமை, அதில் கை வைக்கக் கூடாது என்று பெரியப்பா கொதிக்கிறார். எடுத்துத் தொலைத்தால் நல்லது என்கிறார் அப்பா. அதற்கு அவர் காட்டும் ஒரே ஆதாரம் நான்தான்.

“குற்றவாளி கண்ணு முன்னால நின்னுச்சு. உங்க பன்னிரண்டு பேரும் சேர்ந்து விட்டுட்டாங்களே அண்ணா” என்பார், இருபது வருஷமாக ஆறாத கோபத்தோடு. அந்தக் குற்றவாளிக்கு அப்போது பத்து வயது.

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகள். நடுவே சிமெண்ட் முற்றம், அதன் ஓரத்தில் சம்ப். காவிரித் தண்ணீர் முதலில் அந்த நிலத்தடித் தொட்டியில் வந்து விழும். மோட்டார் போட்டு அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. எங்கள் முறை வந்தபோது அந்தப் பொறுப்பை நான் அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுவிட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரியும். எட்டு வீட்டுக்கும் நானே தண்ணீர் வார்ப்பதாக ஒரு மிதப்பு. மாடித் தொட்டி நிரம்பிவிட்டால் குழாய் வழியாக முற்றத்தில் வந்து கொட்டும். சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அணைத்துவிட வேண்டும். முறைக்காரர் மறந்தாலும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து “மோட்டார்” என்று குரல் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் பெரியப்பா விடுமுறைக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை விமானக் கண்காட்சிக்குக் கூட்டிப்போக இரண்டு பாஸ் வாங்கி வைத்திருந்தார். வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

சனிக்கிழமை மாலை அப்பாவும் அம்மாவும் விவேக் நகரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பினால், முற்றத்தில் பெரியப்பாவைச் சுற்றிக் காம்பவுண்டே உட்கார்ந்திருக்கிறது. லண்டனில் அவர் ஜூரியாக இருந்த கதை. வழக்கு என்னவோ சைக்கிள் திருட்டுதான். பெரியப்பா சொன்ன விதத்தில் அது கொலை வழக்கைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒற்றை நீதிபதி வேண்டாம், எனக்குப் பன்னிரண்டு பேர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சைக்கிள்காரன் கேட்டு வாங்கினானாம். எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி அவரைக்காய் உரிப்பதையே நிறுத்திவிட்டார். மெக்கானிக் பாய் கையில் டீ ஆறிப்போனது. தீர்ப்பு நெருங்க நெருங்கப் பெரியப்பாவின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் எழுந்து நின்று கிட்டத்தட்டக் கத்தினார். கதை அவ்வளவு சூடு. ஆனால் ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அது ரகசியமாம், வெளியே சொன்னால் ஜெயிலாம்.

எல்லோரும் ‘அடச்சே’ என்று சலித்துக்கொண்டபோதுதான் கருகிய வாடை வந்தது. பாய் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார். சம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மிச்சமிருந்த காவிரியெல்லாம் முற்றத்துச் சாக்கடை வழியாகப் போய்விட்டது. வறண்டு ஓடிய மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருந்தது.

மறுநாள் காலை மாடித் தொட்டியும் காலியாகி, எட்டு வீட்டுக்காரர்களும் குடத்தோடு தெருமுனைக் குழாய்க்கு நடந்தார்கள். ஞாயிறு அன்று துணியும் துவைக்காமல் குளிக்கவும் முடியாமல் எல்லார் முகமும் கடுகடுவென்றிருந்தது. அப்பாவின் தீர்ப்புக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. விமானக் கண்காட்சி கிடையாது.

அழுது ஓய்ந்தபின் எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, “எனக்கு ஜூரி வேணும்” என்றேன்.

“என்னது?”

“சைக்கிள்காரர் கேட்டாருல்ல? எனக்கும் பன்னிரண்டு பேர் வேணும்.”

பெரியப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இது அவளுடைய உரிமை என்றார். அரை நிமிஷத்தில் முடிந்த வேலைக்குப் பன்னிரண்டு பேர் அரை நாள் உட்கார வேண்டுமா என்று அப்பா கேட்டார். அதோடு, குடம் சுமந்தவர்களே தீர்ப்பும் சொல்வது எந்த ஊர் நியாயம்? லண்டனில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தான் என்று பெரியப்பா தலையைச் சொறிந்தார். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்தது. குடம் சுமந்தவர்கள் என்னைச் சும்மா விட்டுவிடவா போகிறார்கள்? சரி, நடக்கட்டும் என்றுவிட்டார்.

பதினொரு மணிக்கு முற்றத்தில் நீதிமன்றம் கூடியது. பெரியப்பா நீதிபதி. முந்தின மாலை கதை கேட்ட கூட்டத்திலிருந்து பன்னிரண்டு பெரியவர்கள் ஜூரி. விசாரிப்பது அப்பா. எங்கள் பஸ் ஒரு மணிக்கு.

“மோட்டார் போட்டது யாரு?”

“நான்தான்.”

“ஆஃப் பண்ண வேண்டியது?”

“நான்தான்.”

“மேலேருந்து தண்ணி கொட்டியிருக்குமே. கேக்கலையா?”

“கேக்கலப்பா. யாருக்குமே கேக்கல. வேணும்னா அவங்களையே கேளுங்க.”

அப்பா ஜூரி பக்கம் திரும்பினார். அதற்குள் பெரியப்பா குறுக்கே விழுந்து, ஜூரியைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று மேஜையைத் தட்டி, பன்னிரண்டு பேரையும் அவசர அவசரமாக மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்தார். என் ஒரே பதிலில் வழக்கே தலைகீழாகிவிட்டது என்று எனக்குள் ஒரே குதியாட்டம். வளர்ந்தால் வக்கீல்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மேலே முதலில் நாலைந்து குரல்கள் சேர்ந்து கேட்டன. திடீரென்று ஒருவர் சிரிக்க, மற்றவர்கள் ‘உஷ்’ என்று அடக்கினார்கள். பன்னிரண்டே காலுக்கு வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

“தப்பில்ல” என்றார் கன்னட ஆன்ட்டி. “ஹோக்லி பிடி, போகட்டும் விடுங்க. பொண்ணு போய்ட்டு வரட்டும்.”

காரணம் என்ன என்று அப்பா கேட்டதற்கு, பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் “ரகசியம்” என்றார்கள். பாய் அன்றைக்கே மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போய் தன் கையாலேயே புதுக் கம்பி சுற்றி மாட்டினார். என் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று எண்ணிக்கொண்டேன்.

விமானங்கள் காதைப் பிளக்கும் சத்தத்தோடு தலைக்கு மேலே புரண்டன, புகையால் கோடு இழுத்தன. பெரியப்பா தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துக் கத்தினேன். ஆனாலும் எனக்கு விமானங்களைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றிருந்தது. பன்னிரண்டு பெரியவர்களை நான் ஏமாற்றிவிட்டேன். ஏனென்றால் முதல் சொட்டு விழுந்ததிலிருந்தே எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சைக்கிள்காரனின் தீர்ப்பைக் கேட்டுவிட்டு ஓடலாம், தீர்ப்பைக் கேட்டுவிட்டு ஓடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இந்தச் சந்தோஷம் அடங்கியபின் உறுத்தலாக மாறி, வருஷக்கணக்கில் என்னோடு இருந்தது.

போன வாரம் அப்பா வழக்கம்போல என்னை ஆதாரமாக நிறுத்தி முடித்ததும் போனை நான் வாங்கினேன். அன்றைக்குக் கதையின் கடைசியில் ஏன் எழுந்து நின்று அப்படிக் கத்தினீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

“பின்னால உக்காந்தவங்களுக்குக் கேக்க வேணாமா?” என்றார் சாதாரணமாக. “தண்ணி அந்தக் கொட்டு கொட்டுதே.”

அன்று அந்த முற்றத்தில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் கேட்டது என்று நினைத்திருந்தேன்.