மூன்றாவது பொத்தானும் முன்னபின்னத் தேதியும்

படம் எடுக்கும் விசையில் கை வைப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே அக்கா செய்யும் காரியம் ஒன்று உண்டு. கூட வந்த புருஷனையோ மாமியாரையோ வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். பிறகு, வந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்திடம் கேட்பதுபோலக் கேட்பாள்: "நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?"

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்று யாராவது இழுத்தால் போச்சு.

"முன்னபின்னன்னு காலண்டர்ல தேதியே கிடையாது. டெஸ்ட் பண்ணிட்டு வா."

பதினோரு வருஷத்தில் இந்த வசனத்தில் ஒரு எழுத்து மாறியதில்லை.

சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, வெள்ளைக் கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் அவளோடு ஒத்துழைக்க மறுத்தது. தையலுக்கு மேலே வயிறு ஒரு மடிப்பாகத் தொங்கியது. நடந்து பார்த்தாள், அரைப்பட்டினி கிடந்து பார்த்தாள். மடிப்பு மசியவில்லை. அதையும் பொறுத்திருப்பாள். முழங்காலைப் படம் எடுக்க வந்த ஓர் அம்மாள், அவளுடைய வழக்கமான கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"எனக்கு அதெல்லாம் நின்னு போச்சு கண்ணு. உனக்கு எத்தனாவது மாசம்?"

அந்த வாரத்தில் அது நான்காவது 'எத்தனாவது மாசம்'. மறுநாளே, அந்த மடிப்பை வெட்டித் தைத்துவிடச் சொல்லி, கணவரை இழுத்துக்கொண்டு மாடியில் இருந்த பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"அஞ்சு மாசம் டாக்டர்."

"பால் குடுக்கிற இல்ல? ஒரு வயசு வரைக்கும் குடு. நிறுத்தி ஆறு மாசம் போகட்டும். எடையும் ஏறாம இறங்காம ஒரே இடத்துல நிக்கணும். எல்லாத்துக்கும் மேல, இன்னொண்ணு வேணாம்னு முடிவு பண்ணியிருக்கணும். அடுத்தது வந்தா வயிறு திரும்ப விரியும், நான் தச்சதெல்லாம் வீண்."

"ஒண்ணே போதும் டாக்டர்!"

லிப்ட் பழுது பார்ப்பவரான கணவர் அப்போது மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவரை ஒரு கணம் கவனித்தார். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவி எதையோ எடுத்து, டைரியில் பதிமூன்று மாதம் தள்ளி ஆபரேஷனுக்கு ஒரு தேதியைக் குறித்தார்.

அன்றுமுதல் சமையலறைக் காலண்டரில் தினம் ஒரு நாளை அடித்தாள். கட்டங்கள் குறையக் குறைய அவள் முகம் தெளிந்தது. கடைசியில் இரண்டே நாள் பாக்கி. ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும். அன்று பணியில் இருந்தவர், எதற்கெடுத்தாலும் விதியைக் காட்டுவதால் 'சட்டம்' என்று பெயர் வாங்கியிருந்த சக ஊழியர்.

"நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?"

"அண்ணே, எங்கிட்டயேவா?"

"என் மாமியார் வந்தாலும் கேப்பேன்."

"அவங்களுக்கு எழுபத்தஞ்சு!"

"கேட்டேனே. அடிக்க வந்துட்டாங்க. நீ தேதியைச் சொல்லு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இத்தனை நாள் காலண்டரே கதியென்று கிடந்தவளுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

"பால் நிறுத்தினதுலேருந்து... கொஞ்சம் முன்னபின்ன..."

'சட்டம்' சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தானாகவே எழுந்து டெஸ்ட் எடுக்கப் போனாள்.

இரண்டு கோடு.

அன்று சாயங்காலம் அவள் அழுதாள், சிரித்தாள், பொத்தான் போடாத கோட்டைத் தூக்கிக் கணவர்மேல் எறிந்தாள். அவர் அதைப் பதமாக மடித்து வைத்தார்.

"உள்ள ஆள் இருக்கும்போது நாங்க லிப்ட்டையே கழட்ட மாட்டோம்."

"வாயை மூடுங்க. உள்ள ஆளை ஏத்தி விட்டதே நீங்கதான்."

இரண்டாவது மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியபின் ஆபரேஷன் நடந்தது. மூன்றாவது பொத்தானும் ஒருவழியாக வழிக்கு வந்தது. அந்த ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போன அன்றுதான், வரவேற்பறைப் பெண் புரட்டிய பழைய டைரியில் அந்தப் பக்கத்தை அவள் பார்த்தாள். மற்ற பெயர்களெல்லாம் நீல மையில் இருந்தன. அவள் பெயர் மட்டும் பென்சிலில்.